கடலில் மூன்று மீட்டரைத் தாண்டினால் இடது காது திறக்க மறுக்கிறது: புதிதாக ஸ்கூபா கற்பவரின் கேள்வி

அலைவாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் வசிக்கும் நான், ஸ்கூபாவின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் பயிற்சியின் நீச்சல்குளப் பகுதியை முடித்துவிட்டுப் புதுச்சேரிக் கடலில் மீதிப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, வாயில் கவ்வும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவது, மிதப்பைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவற்றில் எனக்குச் சிரமம் இல்லை. இடது காதுதான் சிக்கல். மூக்கைப் பிடித்து லேசாக ஊதியவுடன் வலது காது ‘பொட்’டென்று திறந்துகொள்கிறது. இடது காதோ குளத்தின் ஆழமான பகுதியிலேயே முரண்டு பிடித்தது; கடலில் மூன்று மீட்டரை நெருங்கும்போது சுரீரென்று குத்தி, அதற்குக் கீழே என்னை இறங்க விடுவதில்லை.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். வலி வந்ததும் நிற்கிறேன், மூக்கை இறுகப் பிடித்து ஊதுகிறேன், பலன் இல்லாவிட்டால் இன்னும் பலமாக ஊதுகிறேன். மற்ற மாணவர்கள் அதற்குள் அடியில் போய்க் காத்திருக்கிறார்கள். கரைக்கு வந்த பிறகு மாலைவரை காது அடைத்தபடியே இருக்கிறது. நான் பேசுவது எனக்குள்ளேயே முழங்குகிறது. தலைசுற்றலோ இரத்தக் கசிவோ இல்லை. சிறுவயது முதல் தூசு ஒவ்வாமை உண்டு, காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முவேன்.

அடுத்த மாதம் அந்தமானின் சுவராஜ் தீவுக்குப் போய்ப் பயிற்சியை நிறைவு செய்ய முன்பதிவு செய்திருக்கிறேன். இது என் காதின் அமைப்பிலேயே உள்ள குறையா, அல்லது பழகினால் சரியாகுமா? மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? காதில் அடைப்பான் வைத்துக்கொள்வது உதவுமா? வீட்டில் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடச் சொல்கிறார்கள். உடன் பயிலும் ஒருவர், கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் தானாகத் திறந்துவிடும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

புதுவைக் கடலன் எழுதியது:

வணக்கம், அலைவாய். சோழமண்டலக் கரையில் புதியவர்களுக்கு ஸ்கூபா கற்றுத்தருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உடன் பயில்பவர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் திறப்பது காதாக இருக்காது, செவிப்பறையில் ஓட்டையாக இருக்கும்.

வலித்த பிறகு ஊதுகிறேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கினாலே செவிப்பறையின் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்த வேறுபாடு உண்டாகிறது. பலருக்கு அதற்கு முன்பே இறுக்கமும் வலியும் தொடங்கிவிடும். வேறுபாடு 90 மில்லிமீட்டரை ஒட்டும்போது, அதாவது ஒன்றேகால் மீட்டர் ஆழத்தைச் சமன் செய்யாமலே கடந்திருக்கும்போது, நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழலின் மென்மையான வாய் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் அந்த வாய் இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. அந்த நிலையில் செய்யத்தக்கது ஒன்றுதான்: ஒரு மீட்டரோ அதற்கு மேலோ ஏறி, இறுக்கம் நீங்கிய பிறகு மென்மையாக மறுபடி முயல்வது.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பேருந்தில் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்துகொள்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்த மலைப்பாதை முழுவதிலும் உங்கள் காது சந்திக்கும் அழுத்த மாற்றம், கடலில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இறங்குவதற்குச் சமம். பேருந்து அதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, நீங்களோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறீர்கள். புதியவர்கள் ஆழத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள்; காதுக்குக் கடினமானது மேற்பரப்பை ஒட்டிய முதல் சில மீட்டர்கள்தான். காற்றின் கனஅளவு பாதியாகச் சுருங்குவதற்குப் பத்து மீட்டர் போதும், அது மறுபடி பாதியாவதற்கு முப்பது மீட்டர் வரை போக வேண்டும். முதல் ஐந்து மீட்டரை நிதானமாகக் கடந்தவர்களுக்கு அதற்குக் கீழே காது தொல்லை கொடுப்பது அரிது.

ஆகவே, படகிலிருந்து குதித்து மேற்பரப்பில் மிதக்கும்போதே ஒருமுறை மூக்கைப் பிடித்து இரு காதுகளையும் திறந்துகொள்ளுங்கள். மிதப்புச் சட்டையான பிசிடியின் காற்றை வெளியேற்றித் தலை நீருக்குள் போனதும் அடுத்த முறை. பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, இறுக்கம் தெரிகிறதா என்று காத்திராமல் செய்யுங்கள். தேவைக்கு அதிகமாகச் செய்வதால், மென்மையாகச் செய்யும்வரை, கெடுதல் ஒன்றும் இல்லை. கால் கீழாகவும் தலை மேலாகவும் இறங்குங்கள். தலைகீழாக இறங்கும்போது தலைப்பகுதியில் இரத்தம் தேங்கிக் குழலின் வாயிலுள்ள சவ்வு வீங்குவதால் திறப்பது மேலும் கடினமாகும். அடம்பிடிக்கும் காது மேல்நோக்கி இருக்கும்படி, உங்கள் விஷயத்தில் வலது தோளை நோக்கித் தலையைச் சாய்த்து, மோவாயைச் சற்று உயர்த்தி முயலுங்கள். கழுத்தின் அந்தப் பக்கம் நீளும்போது குழல் எளிதாகத் திறப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கடலில் எப்போதும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அலையோடு படகின் முனை எழும்போது நங்கூரக் கயிற்றின் மேற்பகுதியும் எழும், தாழும்போது அதுவும் தாழும். கயிற்றை இறுகப் பற்றியிருப்பவர், தாம் நிற்பதாக நினைத்துக்கொண்டே ஒரு மீட்டர் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பார். காதுக்கு அது ஓயாத தண்டனை. கயிற்றை முழுக் கையால் பற்றாமல், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் அது வழுகி ஓடும்படி விடுங்கள். மற்றொரு கை எப்போதும் மூக்கின் மேல் இருக்கட்டும். மற்றவர்கள் அடியில் காத்திருப்பதை எண்ணி அவசரப்பட வேண்டாம். காது திறக்காத மாணவரோடு மேலேயே நிற்பது பயிற்றுநரின் கடமை. கையைத் தட்டையாக ஆட்டிக் காதைச் சுட்டிக் காட்டினால் அவர் புரிந்துகொள்வார்.

சோழமண்டலம் எழுதியது:

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வேன், காது தடையின்றித் திறக்கும். இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மாஸ்க்கையும் கவனியுங்கள். மூக்குப் பகுதியின் சிலிக்கோன் தடிமனாக இருந்தால், மூக்கைப் பிடித்திருப்பதாக நாம் நினைத்தாலும் ஒரு பக்கத் துளையில் காற்று கசிந்துகொண்டிருக்கும். பயிற்சி நிலையத்தில் வாடகைக்குத் தரும் மாஸ்க்குகளில் இந்தக் குறை எனக்கு இருந்தது. சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகு பாதித் தொல்லை தீர்ந்தது.

நாசிக்குழல் எழுதியது:

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர்; விடுமுறைகளில் முக்குளிப்பவரும்கூட. ஒருவரைப் பார்க்காமல் இணையத்தில் நோய் கணிக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலைவாய் எழுதியிருப்பது, மாலைவரை நீடிக்கும் அடைப்பு, தன் குரல் தனக்குள் முழங்குவது ஆகியவை, நடுச்செவியில் அழுத்தக் காயம் ஏற்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டுகின்றன. முக்குளிப்பவர்களுக்கு ஏற்படும் காயங்களில் மிகவும் சாதாரணமானது இதுதான். சமன் செய்யப்படாத நடுச்செவியில் வெற்றிடம் போன்ற இழுப்பு உண்டாகி, சவ்விலுள்ள நுண்குழாய்களிலிருந்து நீரும் சில வேளை இரத்தமும் கசிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. அந்த நீர் வடியும்வரை அடைப்பு இருக்கும். அது வடிவதற்குள் மறுபடி இறங்குவது, ஏற்கெனவே வீங்கிய குழலைத் திறக்கச் சொல்வதாகும். எனவே செவிப்பறையை ஒரு மருத்துவர் கருவி வைத்துப் பார்க்கும்வரை நீங்கள் நீரில் இறங்க வேண்டாம். டிம்பனோமெட்ரி என்னும் எளிய சோதனையில் நடுச்செவியின் அழுத்தமும் அங்கே நீர் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பலமாக ஊதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து ஊதும் முறைக்கு வல்சால்வா என்று பெயர். அந்தோனியோ வல்சால்வா என்ற இத்தாலிய உடற்கூற்றியலாளர் 1704இல் காதைப் பற்றி வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். பயிற்சி நிலையங்கள் இதையே முதலில் கற்றுத்தருகின்றன, ஏனெனில் விளக்குவது எளிது. ஆனால் முக்கி ஊதும்போது மூளையைச் சூழ்ந்த திரவத்தின் அழுத்தம் உயர்கிறது. அது உட்செவியின் திரவத்துக்கும் பரவுகிறது. நடுச்செவியிலோ அழுத்தம் குறைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே வட்டச் சாளரம் எனப்படும் மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கிறது. அது கிழிந்தால் காது கேளாமை, தலைசுற்றல், ஓயாத இரைச்சல் ஆகியவை வரக்கூடும். கேட்கும் திறன் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். முக்குளித்த பிறகு அறை சுற்றுவதாகத் தோன்றினாலோ, ஒரு காதின் கேட்கும் திறன் சட்டென்று குறைந்தாலோ, காதில் புதிதாக ரீங்காரம் கேட்டாலோ, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை மூக்கைப் பிடித்து ஊதவும் கூடாது, பளு தூக்கவும் கூடாது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கும் டாயின்பீ முறையும் உண்டு. விழுங்கும்போது மேலண்ணத் தசைகள் குழலை இழுத்துத் திறப்பதால் இது இயல்பானது. ஆயினும் அது காற்றை உள்ளே தள்ளுவதில்லை என்பதால் இறங்கும்போது அதை மட்டுமே நம்பியிருப்பது ஏற்றதன்று. ஏறும்போது ஒரு காது அடைத்துக்கொண்டால் மிகவும் உதவும். (ஜோசப் டாயின்பீ காது இரைச்சலுக்கு மருந்து தேடிக் குளோரோஃபார்ம் ஆவியைத் தம்மீதே சோதித்து 1866இல் உயிரிழந்தவர். எங்கள் துறையின் முன்னோர்கள் இப்படிப்பட்டவர்கள்.) நான் பரிந்துரைப்பது ஃபிரென்செல் முறையை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் விமானிகளுக்குக் கற்றுத்தரப்பட்ட முறை இது. நெஞ்சுக் காற்று இதில் பயன்படுவதே இல்லை. தொண்டையை மூடி, மூக்கைப் பிடித்து, நாக்கின் பின்பகுதியை உயர்த்தி வாயிலும் மூக்கின் பின்புறத்திலும் உள்ள காற்றை மட்டும் தள்ள வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘க்’ என்ற ஒலியை வெளிவிடாமல் அழுத்திச் சொல்ல முயன்றால் அந்த அசைவு பிடிபடும். ரெகுலேட்டர் வாயில் இருக்கும்போதும் செய்யலாம்.

சோழமண்டலம் சொல்வதை நான் ஏற்கவில்லை. சூடோஎஃபெட்ரின் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் உயர்த்தும். அதைவிட முக்கியம், அதன் வேலை நீரடியிலேயே முடிந்துவிடலாம். அப்போது சவ்வு மறுபடி வீங்கி, ஏறும்போது விரிகிற காற்று வெளியேற வழியின்றி நடுச்செவியில் சிக்கிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம்; ஏறும்போது வலித்தால், சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டிருக்கும் வேளையில், எங்கே போவது? மூக்கில் விடும் ஆக்ஸிமெடசோலின் சொட்டு மருந்துக்கும் இது பொருந்தும். அதைத் தொடர்ந்து சில நாள்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அலைவாய்க்கு அடிப்படைக் காரணம் ஒவ்வாமை என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் சொன்னபடி பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குவதும், தினமும் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும்தான் முறையான வழி. மூக்கு ஒழுகும் நாளில் இறங்காமல் இருப்பதற்கு மாற்று மருந்து கிடையாது.

காதடைப்பான் கூடவே கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையே காற்று சிக்கி, அங்கே புதிதாக ஒரு சமன் செய்ய முடியாத அறை உருவாகும். நீரழுத்தம் அடைப்பானையே உள்ளே தள்ளவும் செய்யும்.

அலைவாய் எழுதியது:

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தேன். செவிப்பறையில் ஓட்டை இல்லை, ஆனால் சிவந்து உள்ளிழுக்கப்பட்டிருக்கிறது, பின்னால் கொஞ்சம் நீரும் இருக்கிறது என்றார். மூக்கின் நடுத்தண்டு இடப்பக்கம் சற்று வளைந்திருக்கிறதாம். அதற்கு இப்போது அறுவை சிகிச்சை தேவையில்லை, ஒவ்வாமையைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று மூக்கு மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். மறுபரிசோதனை செய்து அவர் சொன்ன பிறகே அந்தமான் பயணத்தை உறுதி செய்யப்போகிறேன்.

ஃபிரென்செல் பழகுகிறேன், ஆனால் நான் செய்வது அதுதானா, அல்லது பழையபடி நெஞ்சிலிருந்து ஊதுகிறேனா என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? சுவராஜ் தீவில் படகிலிருந்து இறங்குவது நல்லதா, கரையிலிருந்து நடந்து இறங்குவது நல்லதா?

தீவுக்காற்று எழுதியது:

போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழன் நான், இப்போது சுவராஜ் தீவில் முக்குளிப்பு வழிகாட்டியாக இருக்கிறேன். முதல் கேள்விக்கு விடை கண்ணாடி முன்னால் இருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு நின்று, மூக்கைப் பிடித்து முயலும்போது ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். வயிறு இறுகினால் அது வல்சால்வா. வயிறு தளர்ந்திருக்க, குரல்வளை மட்டும் ஒருமுறை மேலே எழுந்து இறங்கி, மூக்கின் இரு பக்கங்களும் விரலுக்குள் புடைத்தால் அது ஃபிரென்செல். இன்னொரு சோதனை: மூச்சை முழுவதுமாக வெளியே விட்டு, நெஞ்சில் காற்றே இல்லை என்ற நிலையில் செய்து பாருங்கள். வாயில் இருக்கும் காற்றை வைத்தே காது திறந்தால் உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று பொருள். காதில் நீர் வடிந்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, தினமும் பல் துலக்கும்போது மென்மையாகச் சில முறை செய்து வந்தால் போதும். ஒரே நாளில் விடாமல் செய்து காதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு, தயங்காமல் கரை என்பேன். இரண்டாம் எண் கடற்கரையை ஒட்டிய நீமோ ரீஃபில் மணல் மெதுவாகச் சரிகிறது. இடுப்பளவு நீரில் நின்று ஃபின் என்னும் நீச்சல் துடுப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, மணலை ஒட்டியே நகர்ந்தால், ஆழம் ஓர் அடி கூடுவதற்கே பல உதைகள் தேவைப்படும். காது திறக்கவில்லையா, திரும்பிச் சில உதைகள் உதைத்தால் ஆழம் குறைந்துவிடும். கயிற்றில் தொங்கும்போது வரும் பதற்றம் இங்கே இல்லை. வழிகாட்டியிடம் காதுத் தொல்லையை முன்கூட்டியே சொல்லி, உங்களோடு ஒருவர் மட்டும் வரும்படி கேளுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் சேராதீர்கள். ஓத நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் மிகவும் வற்றியிருக்கும்போது பவளத்தின் மேல் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். அதுவும் வேண்டாம், பவளத்துக்கும் நல்லதன்று.

முதல் நாள் ஐந்து மீட்டரோடு நிறுத்திக்கொண்டாலும் குறையொன்றும் இல்லை. மீன்கள் அந்த ஆழத்தில்தான் அதிகம்.

நாசிக்குழல் எழுதியது:

மருத்துவரைப் பார்த்தது நல்லது. இரண்டு செய்திகள் விட்டுப்போயின. முதலாவது, விமானம். நீர் தேங்கிய காதோடு பறந்தால், சென்னையில் தரையிறங்கும்போது கடலில் பட்ட வலியை மறுபடி படுவீர்கள். தீவில் காது அடைத்துக்கொண்டால் அதை அங்கேயே காட்டி, பறக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காது நன்றாக இருந்தாலும், பல முறை முக்குளித்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். அது காதுக்காக அன்று, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக.

இரண்டாவது, நீங்கள் முதலில் கேட்டு நாங்கள் விடை சொல்லாத நல்லெண்ணெய். அது போகும் இடம் செவிப்பறைக்கு வெளியே உள்ள குழாய். உங்கள் அடைப்பு இருப்பது செவிப்பறைக்கு உள்ளே. ஓட்டையில்லாத செவிப்பறையை எண்ணெய் கடக்காது என்பதால் பயனில்லை. ஓட்டை இருந்தால் கடந்துபோய் நடுச்செவியில் சீழ் பிடிக்க வைக்கும். கடலிலிருந்து வந்ததும் தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, நல்ல தண்ணீரில் வெளிக்காதைக் கழுவித் துண்டால் ஒற்றினால் போதும். பஞ்சுக் குச்சியும் உள்ளே போக வேண்டாம். வீட்டில் கேட்டால், அந்த எண்ணெயைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கு மருத்துவர் தடை சொல்லவில்லை என்று சொல்லுங்கள்.